ஓ.எம்.ஆருக்கு எது ஒத்துவரும்: குரிட்டிபாவா, ஆர்லிங்டனா?

சென்னையின் ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாம் வழித்தடம் இது. இனி சாலையோர நிலத்தை என்ன செய்வது என்று கேட்டால், "எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டுங்கள், கடை, வீடு, ஆபீஸ் எல்லாம் கலந்து வரட்டும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. எஃப்.எஸ்.ஐ. என்பது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. எங்கே கூட்டுவது என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கு இரண்டு நகரங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

பிரேசிலின் குரிட்டிபா கோடு போட்டது. 1966 முழுமைத் திட்டத்தில் நகர வளர்ச்சியைச் சில நேரான அச்சுகளில் ஓடவிட்டார்கள். ஜைமே லெர்னர் மேயராக இருந்தபோது, 1974-ல், அந்த அச்சுகளில் விரைவுப் பேருந்து வந்தது. நடுச்சாலையில் பஸ்ஸுக்கு மட்டும் தனித்தடம்; அதன் இருபுறமும் மெதுவாகப் போகும் உள்ளூர் வண்டிகள். வேகமாகப் போகிற கார்களுக்கு ஒரு தெரு தள்ளி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, ஒருவழிச் சாலைகள். உயரமான கட்டடங்கள் அச்சை ஒட்டி மட்டும்: கீழே கடை, மேலே வீடு. நிறுத்தங்கள் நெருக்கமாக இருப்பதால் கோட்டில் எங்கே குடியிருந்தாலும் நடந்துபோய் ஏறிவிடலாம்.

அமெரிக்காவில் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் முடிச்சு போட்டது: உயரத்தை நிலையங்களைச் சுற்றி மட்டும் குவித்தது. மெட்ரோவை நெடுஞ்சாலை நடுவே மலிவாகப் போட இருந்தார்கள். ஆர்லிங்டனின் உள்ளாட்சியான கவுண்டி நிர்வாகம் மல்லுக்கட்டி, களையிழந்து கிடந்த பழைய கடைவீதிக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுவந்தது. ரோஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள். 1979-ல் பால்ஸ்டன் வரை ரயில் வந்தது. நிலையத்தைச் சுற்றிக் கால் மைலுக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள், உயர அனுமதி. தள்ளிப் போகப் போக உயரம் இறங்கித் தனிவீடுகளில் முடியும். எல்லா நிலையத்துக்கும் ஒரே கலவை கிடையாது. ரோஸ்லினில் அலுவலகம், கோர்ட் ஹவுஸில் அரசாங்கம், கிளாரெண்டனில் கடைத்தெரு. பில்டர் கூடுதல் மாடி கேட்டால் நடைபாதையோ குறைந்த வாடகை வீடோ கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பேரம்தான், ஆனால் வெளிப்படையான பேரம்.

நம்மிடம் இருப்பது எது? 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலையில் உயர்மாடிக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 3.25. பிரீமியம் என்ற கூடுதல் கட்டணம் கட்டினால் அதில் பாதி இன்னும் கூடும். நிலையம் எத்தனை தூரம் என்ற கேள்வியே இதில் இல்லை. ஓ.எம்.ஆர். முழுக்க அகலச் சாலை. ஆக, கேட்காமலேயே குரிட்டிபாவின் கோடு நமக்கு வந்துவிட்டது, அந்த ஊரின் பஸ் தடமும் பக்கச் சாலைகளும் இல்லாமல்.

அந்தப் பக்கச் சாலைகளை இனிப் போடவும் முடியாது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய். மேற்கே, பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர்வரை, 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணை சதுப்பு நிலம். மாடியில் குடியிருப்பவர், டேங்கர் லாரி, ஐ.டி. கம்பெனி கேப் எல்லாம் இறங்குவது அதே ஒற்றைச் சாலையில். போதாததற்கு, வளாகங்களின் காம்பவுண்டு சுவர். கண்ணெதிரே தெரியும் டீக்கடைக்குக்கூட சுவரைச் சுற்றி, சர்வீஸ் ரோட்டில் எதிரே வரும் பைக்குகளுக்கு ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் நிலையத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி 20 மாடி கட்டினால், அங்கிருப்பவர் கார்தான் வாங்குவார்.

அதனால் என் ஓட்டு ஆர்லிங்டனுக்கு. மூன்றாம், ஐந்தாம் வழித்தடங்கள் சந்திக்கும் சோழிங்கநல்லூரில் எஃப்.எஸ்.ஐ.யைத் தாராளமாகக் கொடுக்கலாம். நிலையங்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் கையை இறுக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமும் இருக்கிறது. ஒரே சாலையில் பக்கத்து மனைக்கு இருபது மாடி, தனக்கு ஐந்து என்றால் யாருக்குத்தான் வலிக்காது? கோட்டுமுறை அரசியலுக்கு எளிது, அதை மறுக்க முடியாது.

ஆர்லிங்டனை அப்படியே தூக்கிவந்தாலும் ஆபத்து உண்டு. மெட்ரோ தோண்டிய காலத்தில் கிளாரெண்டனில் வாடகை விழுந்தது. 1975-க்குப் பிறகு வந்த வியட்நாம் அகதிகள் அங்கே மளிகையும் உணவகமும் வைத்தார்கள். 'லிட்டில் சைகோன்' என்றே பெயர் வந்தது. ரயில் ஓடத் தொடங்கியதும் வாடகை ஏறி, பலர் ஃபால்ஸ் சர்ச்சிலுள்ள ஈடன் சென்டருக்குப் பெயர்ந்தார்கள். குரிட்டிபாவிலும் அச்சை ஒட்டிய வீடுகள் வசதியானவர்களுக்குத்தான் போயின. இந்த விஷயத்தில் இரண்டு ஊருமே தோல்விதான்.

நிலைய மதிப்பு ஏறும்போது வசதியில்லாதவர்கள் எங்கே போவார்கள்? ஓ.எம்.ஆரில் இந்தக் கேள்விக்குக் கண்ணகி நகர் என்று பெயர். நகருக்குள் குடிசையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறார்கள். இந்தக் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பவர்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். நிலைய முடிச்சுக்குள் கூடுதல் மாடி வாங்குகிறவர் சிறிய வாடகை வீடும், ரோட்டோரத்தில் சின்ன அளவுக் கடைகளும் கட்டித்தர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். பிரீமியம் தொகையை விட அது பெறுமானம்.

இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும்: குறுக்குத் தெரு. பெரிய மனைகளில் ஓ.எஸ்.ஆர். என்று, பொதுத் திறந்தவெளிக்காகப் பத்து சதவீத நிலத்தை இப்போதே வாங்குகிறோமே, அதே போலக் காம்பவுண்டு சுவரைப் பிளந்து நிலையத்துக்குப் போக ஒரு பொதுப் பாதையையும் பெர்மிட்டிலேயே எழுதிவிடலாம். சுவர் எழும்பிய பிறகு அதைக் கேட்டால் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும்.