போனுக்குள் போன பொருட்களும் திரும்பி வந்த பொருட்களும்

வீடு மாறும்போதுதான் தெரிந்தது, நான் எவ்வளவு சாமான் வைத்திருக்கிறேன் என்று. கேமரா, அதற்கென்று ஒரு பை, அந்தப் பைக்குள் எதற்கென்றே தெரியாத மூன்று வயர்கள், பாட்டு கேட்கும் குட்டிக் கருவி, இரண்டு கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், டார்ச், அப்புறம் பெட்டி பெட்டியாகக் காகிதம். இவற்றில் பாதி வேலையைப் பையில் இருக்கும் போனே செய்யும்போது எதற்கு இத்தனையையும் சுமப்பது என்று தோன்றியது. அவற்றின் வேலையைப் போனுக்கு மாற்ற ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. 128 ஜிபி கொண்ட நடுத்தரப் போன் ஒன்றை வைத்துதான் இத்தனையும்.

அதிகப் பலன் தந்தது கேமராவோ பாட்டோ இல்லை, காகிதத்தை ஒழித்ததுதான். நான்கு வார இறுதிகள் ஆயின. பொருட்களோடு வரும் கையேடுகளை ஸ்கேன் செய்யவே இல்லை. பெரும்பாலானவை தயாரிப்பாளரின் தளத்தில் பிடிஎஃப் ஆகவே கிடைக்கின்றன, தூக்கிப் போட்டேன். ரசீதுகளை மட்டும் உடனே ஸ்கேன் செய்யுங்கள். கடைகளில் தரும் வழுவழுப்பான ரசீது சூட்டில் அச்சாகும் தாள், மையே கிடையாது. வெயிலும் சூடும் பட்டால் கொஞ்ச நாளில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். உத்தரவாதம் கேட்கப் போகும் நாளில் கையில் இருப்பது அந்த வெள்ளைத்தாள்தான்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் ஆரம்பத்தில் சொதப்பினேன். 'முக்கியம்', 'மிக முக்கியம்', 'முக்கியம் புதுசு' என்றெல்லாம் வைத்தால் பிறகு யாருக்குப் புரியும்? இப்போது வருடம், மாதம், நாள், அதற்குப் பின் பொருளின் பெயர் என்ற வரிசைதான். தானாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும். ஒன்று மட்டும்: சான்றிதழ், பத்திரம் போன்றவற்றை ஸ்கேன் செய்யலாம், மூலத்தைத் தூக்கிப் போடக் கூடாது. படம் மூலத்துக்கு ஈடாகாது.

வரைபடம், கால்குலேட்டர், பாட்டு எல்லாம் எந்தச் சிக்கலும் இல்லாமல் உள்ளே போயின. வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை வாங்கிக்கொள்வதுதான், அதற்கு இணையம் தேவையில்லை. ரசமட்டமும் போனிலேயே இருக்கிறது. ஆனால் பின்பக்கம் கேமரா புடைத்திருக்கும் போனை அப்படியே கிடத்தி மட்டம் பார்த்து, நான் மாட்டிய அலமாரித் தட்டு இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது. பக்கவாட்டு விளிம்பில் நிறுத்திப் பாருங்கள்.

கேமராவைக் கொடுத்ததில்தான் வருத்தம். பக்கத்தில் இருப்பதை எடுக்கும்வரை குறை தெரியவில்லை. தூரத்து மேடையில் நிற்கும் பிள்ளையை எடுக்கப் போனபோது தெரிந்தது. என் போனில் தொலைதூர லென்ஸ் இல்லை. விரலால் பெரிதாக்குவது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவதுதான். கிடைத்தது மங்கலான ஒரு சட்டை நிறம்.

இனி கசப்பான கதை. இரண்டாம் வருடம் போன் கைதவறி விழுந்து திரை போயிற்று. பழுதுபார்க்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் என்னால் எந்தக் கணக்குக்குள்ளும் நுழைய முடியவில்லை. 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் மாற்றித் தரும் செயலி அந்தப் போனுக்குள் இருந்தது, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியும் அதற்குத்தான் வரும், பயணச் சீட்டு அதில், கடவுச்சொற்கள் அதில். யாரிடமாவது போன் வாங்கி வீட்டுக்குப் பேசலாம் என்றால், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண், அதுவும் என்னுடையது! இருபது பொருள் இருந்த காலத்தில் ஒன்று உடைந்தால் ஒன்றுதான் போகும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டது நான்தான், யாரைக் குறை சொல்வது?

அதன் பிறகு செய்தவை: போன் கையில் இல்லாதபோதும் கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்தேன். பழைய போனைக் கொடுக்காமல் மாற்றாக வைத்துக்கொண்டேன். கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினிக்காரர்கள் 3-2-1 என்று சொல்லும் பழைய முறைதான்.

அலாரம் கடிகாரமும் திரும்பி வந்துவிட்டது. அலாரத்தை அணைக்க நீண்ட கை அரை மணி நேரம் போனிலேயே தங்கிவிடுகிறது. கடிகாரத்தில் பார்க்க மணியைத் தவிர ஒன்றும் இல்லை, அதனால் எழுந்துவிடுகிறேன். டார்ச்சும் வந்தது. இருட்டில் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்த ஒரே இரவு போதுமானதாக இருந்தது.

பேட்டரி பற்றி: லித்தியம் அயனி பேட்டரி சுமார் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு (மொத்தமாக நூறு சதவீத சார்ஜ் செலவானால் ஒரு சுற்று) தன் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. நான் எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டியதால் இரண்டரை வருடத்திலேயே மாற்ற வேண்டியதாயிற்று. 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சூடுதான் அதன் முதல் எதிரி.

குறைத்தேன் குறைத்தேன் என்று சொல்லிக்கொண்டு சேர்த்தவையும் உண்டு. பவர் பேங்க், இரண்டு சார்ஜர், காதில் செருகும் கருவி, அதற்கு ஒரு டப்பா, அந்த டப்பாவுக்கும் சார்ஜ். போனுக்குள்ளே பதினேழாயிரம் படங்கள். அலமாரியில் இருந்த குப்பை கண்ணில் பட்டது, இது படவில்லை, அவ்வளவுதான். வரிசையில் நிற்கும்போது பத்துப் பத்தாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்ய வேண்டும். தாளின் பளபளப்பில் விளக்கு வெளிச்சம் தெறித்து முகங்கள் வெளுத்துவிடுகின்றன. விளக்கை அணைத்துவிட்டு, பகலில் ஜன்னலோரம் வைத்து, நேர் வெயில் படாமல் எடுத்தால் பரவாயில்லை. இதுவரை ஆறு பக்கம் முடிந்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் நின்று பார்த்துவிடுவதால் வேலை நகர மாட்டேன் என்கிறது.