24 மின்மீட்டர், ஒரே கேபிள்: எங்கள் மில்லில் மாட்டிய டேட்டா லாகர்

பல்லடம் பக்கம் உள்ள எங்கள் நூற்பாலையில், பஞ்சைப் பிரிக்கும் ப்ளோ ரூம் முதல் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் வரை ஒவ்வொரு பேனலிலும் உள்ள மின்மீட்டரை அலுவலகக் கணினியிலேயே பார்ப்பதற்காக, கோவையில் உள்ள ஒரு சிறு நிறுவனத்திடம், மீட்டர் அளவுகளைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்யும் டேட்டா லாகர் என்ற பெட்டியை வாங்கிப் பொருத்தினோம். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பதைப் பகுதிவாரியாக அறிவதே நோக்கம். அதில் இந்தப் பெட்டி ஏமாற்றவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

24 மீட்டர்களும் ஒரே ஆர்எஸ்-485 (பல கருவிகளை ஒரே ஜோடிக் கம்பியில் இணைக்கும் முறை) கேபிளில் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. ஒரு ஜோடிக் கம்பியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும் என்பதால், ஷிப்டு தொடக்கத்தில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவதைப் போலப் பெட்டி ஒவ்வொரு மீட்டரையும் அதன் எண்ணைச் சொல்லி அழைக்கிறது. அழைக்கப்பட்டது மட்டும் பதில் தருகிறது. 1979-இல் வந்த மோட்பஸ் முறைதான் இது. 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில், 8 பைட் கேள்வியும், 20 ரிஜிஸ்டர்களுக்கான (மீட்டர் தன் அளவுகளை வைத்திருக்கும் இடங்கள்) 45 பைட் பதிலும் கம்பியைக் கடக்க ஏறத்தாழ 61 மில்லிவிநாடி ஆகும். மீட்டர் பதிலைத் தயாரிக்கும் நேரத்தையும் இடைவெளிகளையும் சேர்த்து ஒரு மீட்டருக்கு 120 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டாலும், முழுச் சுற்று 3 விநாடியில் முடிந்துவிடும். விற்பவர் காட்டும் கணக்கும் இதுதான்.

துப்புரவுக்காக நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்களின் இரண்டு பேனல்களை அணைக்கும்போதுதான் அந்தக் கணக்கு உடைகிறது. பேனலிலிருந்தே மின்சாரம் எடுக்கும் மீட்டர் அதனுடன் சேர்ந்து அணைந்துவிடும்; பெட்டியோ ஒவ்வொரு முறையும் 1 விநாடி காத்திருந்து, மூன்று முறை அழைத்துப் பார்த்த பிறகே அடுத்த மீட்டருக்குப் போகிறது. அணைந்த இரண்டுக்காக மட்டும் சுற்றுக்கு 6 விநாடி வீணாவதால், ஓடிக்கொண்டிருக்கும் மற்ற 22 மீட்டர்களின் அளவும் 9 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. பதில் சொல்லாததைத் தனிப் பட்டியலில் ஒதுக்கி, எப்போதாவது ஒருமுறை மட்டும் அழைத்துப் பார்க்கும் வழக்கம், பெருங்கணினியுடன் பல டெர்மினல்களை ஒரே தொலைபேசி லைனில் இணைத்த காலத்திலேயே இருந்தது. இந்தப் பெட்டியில் அது இல்லை.

மொத்த யூனிட் கணக்குக்கு இதனால் பாதகமில்லை. அந்த எண்ணை மீட்டரே கூட்டி வைத்திருக்கும், தாமதமாகக் கேட்டாலும் சரியாகச் சொல்லும். ஆனால் அந்தந்த நேரத்து கிலோவாட் அளவு தவறினால் தவறியதுதான். அதைவிட மோசம், அணைந்த மீட்டரின் கடைசி அளவைத் திரை அப்படியே காட்டிக்கொண்டிருப்பது. நின்றுபோன பிரேம் 38 கிலோவாட் எடுப்பதாகத் தெரிகிறது. அது எத்தனை மணிக்கு வாங்கிய அளவு என்ற குறிப்பு எங்கும் இல்லை.

நிறுவும் வேலையில் குறை சொல்ல முடியாது. மோட்டார் கேபிள் போகும் தட்டைத் தவிர்த்து, உறையிட்ட முறுக்குக் கம்பியைத் தனியாக இழுத்தார்கள். இரு முனையிலும் 120 ஓம் மின்தடை வைத்தார்கள். பிறகு மாற்றிய ஒரு மீட்டர் 1 என்ற எண்ணுடனேயே வந்ததால், ஏற்கெனவே 1-ஆக இருந்ததும் அதுவும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, இரண்டும் திரையில் பிழையாகின. தொலைபேசியிலேயே காரணத்தைச் சரியாகக் கணித்துச் சொன்னார்கள்.

வாங்க நினைப்பவர்கள் இரண்டு போர்ட் (கேபிள் செருகும் இணைப்பு) உள்ள மாடலையே கேளுங்கள். அடிக்கடி அணைக்கப்படும் பேனல்களை ஒரு போர்ட்டிலும், எப்போதும் ஓடும் ஹியூமிடிபிகேஷன் (ஈரப்பதம் காக்கும் கருவி), கம்ப்ரசர் மீட்டர்களை மற்றதிலும் பிரித்துவிடலாம். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மீட்டரை அணைத்துக் காட்டச் சொல்லி, திரை என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.