ஜாவா ரெக்கார்டு: வேல்யூ சரியான்னு செக் எழுத வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணுதான்

ஜாவால ரெக்கார்டு, அதாவது சில வேல்யூவ சேத்து வைக்கறதுக்குன்னே இருக்கற கிளாஸ், முழுசா வந்தது 2021 மார்ச்ல, 16வது வெர்ஷன்ல. நிறைய பேர் இத ரெண்டு ஆப்ஜெக்ட்ட ஒப்பிட உதவற ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு எழுதற வேலை மிச்சம்னு மட்டும்தான் பாக்கறாங்க, ஆனா இதுல உண்மையான சரக்கே கம்பாக்ட் கன்ஸ்ட்ரக்டர்தான், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடற கன்ஸ்ட்ரக்டரோட சுருக்க வடிவம்.

தொடக்கம், முடிவுன்னு ரெண்டு தேதி வச்சு ஒரு ரெக்கார்டு எழுதறோம்னு வைங்க. பராமீட்டர் லிஸ்ட்ட திரும்ப எழுதவே வேணாம், ரெக்கார்டு பேரப் போட்டு நேரா பிராக்கெட்ட திறந்து, தொடக்கம் முடிவத் தாண்டிப் போனா எக்செப்ஷன் எறின்னு ஒரு இஃப் போட்டா முடிஞ்சுது, ஃபீல்டுல வேல்யூவ ஏத்தறத கடைசில கம்பைலரே பாத்துக்கும். ஸ்ட்ரிங்க ட்ரிம் பண்ணணும்னாலும் அங்கயே பராமீட்டர மாத்திக்கலாம். ஃபீல்டெல்லாம் ஃபைனல், செட்டர் கிடையாது, அதனால ஒரு தடவ பாஸ் ஆன தேதி அப்புறம் கெட்டுப்போக வழியே இல்ல. ஆப்ஜெக்ட்ட சீரியலைஸ் பண்ணி, அதாவது பைட்டா மாத்தி வச்சு, திரும்ப எடுத்தாலும் இதே கன்ஸ்ட்ரக்டர் வழியாத்தான் வரணும், சாதா கிளாஸ்ல இந்த கேரண்டி கிடையாது!

சி ஷார்ப் ரெக்கார்டுல இங்கதான் அடி வாங்கும். அங்க வித் போட்டா ஆப்ஜெக்ட்ட காப்பி எடுத்துட்டு கேட்ட ஃபீல்ட மட்டும் மாத்துது, நம்ம கன்ஸ்ட்ரக்டர் செக் ஓடவே ஓடாது. செக்க ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வேல்யூ ஏத்தறப்போ ஓடற இனிட்டுக்குள்ள தூக்கி வைக்கலாம், ஆனா ரெண்டு ஃபீல்டையும் சேத்துப் பாக்கற செக்குக்கு அது சரிப்பட்டு வராது. பைத்தான்ல ஃப்ரோசன் டேட்டாகிளாஸ், அதாவது ஃபீல்ட மாத்த விடாத டேட்டா கிளாஸ், பரவால்ல, ரீப்ளேஸ் போட்டு மாத்தின காப்பி எடுத்தா செக் எழுதற போஸ்ட் இனிட் திரும்ப ஓடும், ஆனா அங்க ஒரு ஸ்ட்ரிங்க ட்ரிம் பண்ணி வைக்கணும்னாகூட ஆப்ஜெக்ட்டோட செட்ஆட்டர கூப்ட்டு சுத்தி வளைக்கணும்.

குறை இல்லாம இல்ல. ரெக்கார்டு பப்ளிக்னா மெயின் கன்ஸ்ட்ரக்டரும் பப்ளிக்காதான் இருக்கணும், அத ஒளிச்சு வச்சுட்டு ஆப்ஜெக்ட்ட உருவாக்கித் தர்ற ஃபேக்டரி மெத்தட் வழியா மட்டும், வேல்யூ இல்லாமலும் இருக்கலாம்ங்கற ஆப்ஷனல் குடுக்கலாம்னா முடியாது, தப்பு வேல்யூ வந்தா எக்செப்ஷன்தான் கதி. இன்னொண்ணு, ஃபைனல்னா ரெஃபரன்ஸ் மட்டும்தான் பூட்டு. உள்ள லிஸ்ட் இருந்தா கன்ஸ்ட்ரக்டர்ல லிஸ்ட் டாட் காப்பிஆஃப் போட்டு அந்தக் காப்பிய செக் பண்ணுங்க, வெளிய இருக்கற ஒரிஜினல் லிஸ்ட்ல யாராவது ஒரு ஆட் போட்டா நீங்க எழுதின செக் மொத்தமும் வேஸ்ட்டு. அர்ரேய ரெக்கார்டுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, ஈக்வல்ஸும் உள்ள இருக்கறத ஒப்பிடாது.