நித்திரை வராதவர் கொழும்பில் யாரிடம் போவது?

பெப்ரவரியில் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்குக் கண் விழிக்கும். பிறகு வெள்ளவத்தைக் கரையோரம் முதல் ரயில் கூவிக்கொண்டு போகும்வரை மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பேன். முதலில் வெக்கை என்றேன், அப்புறம் மேல்மாடிக்காரரின் நாய் என்றேன். ஜூனில் மழை பிடித்தது, நாயும் வீடு மாறிப் போனது. நித்திரை மட்டும் வரவில்லை. கிழமைக்கு 3 இரவாவது, 3 மாதமாக இப்படியே போனால் அதை நாட்பட்ட நித்திரையின்மை என்கிறார்கள். பின்னேரப் பிளேன்டீயை நிறுத்திப் பார்க்கும் கட்டம் அதற்குள் கடந்துவிட்டிருக்கும்.

கொழும்பில் உதவி கேட்டுப் போக இடமில்லாமல் இல்லை. எங்கே போனால் என்ன கிடைக்கும் என்றுதான் யாரும் சொல்வதில்லை. சில இடங்களுக்கு நானே போனேன், சிலவற்றை விசாரித்தேன். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளந்தேன்: அங்கே சி.பி.ரி-ஐ கிடைக்குமா?

அது நித்திரையின்மைக்கென்றே அமைந்த அறிகை நடத்தைச் சிகிச்சை. பொதுவாக 6 முதல் 8 அமர்வில் முடிந்துவிடும். நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான், குளிசையை அல்ல என்று அமெரிக்க வைத்தியர்களின் கல்லூரி 2016இல் சொன்னது. ஐரோப்பிய வழிகாட்டிகள் 2017இலும் 2023இலும் அதையே சொன்னன. ஆனால் நம் ஊரில் நித்திரை இல்லை என்று வாய் திறந்தால் முதலில் வருவது குளிசைதான். வீட்டில் தடிமனுக்கு வாங்கி வைத்த பிரிட்டோனைப் போட்டுக்கொண்டு படுக்கிறவர்கள் எத்தனை பேர்!

நானும் முதலில் அந்த வழியில்தான் போனேன். தனியார் இடமொன்றில் உளநல மருத்துவரைச் சனல் பண்ணினேன். எனக்குக் கிடைத்தது 27ஆம் நம்பர். ஆறரைக்கு வரச் சொன்னார்கள், எட்டேகாலுக்குக் கூப்பிட்டார்கள், நாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எத்தனை மணிக்கு எழும்புகிறேன் என்று கேட்கவே இல்லை. “யோசனை கூடவோ?” என்று கேட்டுவிட்டு, துண்டில் ஒரு மாதத்துக்குக் குளோனசெபாம் எழுதினார். அன்றிரவு அடித்துப்போட்டதுபோல நித்திரை கொண்டேன், அதை மறைக்கக் கூடாது. மறுநாள் பதினொரு மணிக்குக் கந்தோர் மேசையிலும் அதே நித்திரை. அந்த மருந்தின் பாதியளவு உடம்பை விட்டுப் போவதற்கே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த இன மருந்துகளை நித்திரைக்கென்று எடுத்தால் 2 முதல் 4 கிழமைக்குள் நிறுத்தப் பார்க்க வேண்டும். கன நாளாக எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அதற்காக உளநல மருத்துவரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனம் கனத்துச் சாப்பாடும் பிடிக்காமல் கிடப்பவர், இரண்டு மூன்று நாள் நித்திரையே கொள்ளாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் திரிபவர், குடித்தால்தான் கண் மூடும் என்ற நிலைக்கு வந்தவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். எனக்கு இவற்றில் எதுவும் இருக்கவில்லை.

காசு இறுக்கமென்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலும் உளநலக் கிளினிக் இருக்கிறது, சதம் செலவில்லை. தைரொயிட், இரும்புச்சத்து என்று இரத்தம் சோதிக்க வேண்டி வந்தாலும் அங்கேயே பார்க்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் இரவில் கால் குறுகுறுத்து நித்திரையைக் கெடுக்கும் நோயொன்று உண்டு, அதற்கு எந்தப் பேச்சுச் சிகிச்சையும் உதவாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அரைநாள் லீவு போட வேண்டும். சிங்களம் ஓடாதவர்கள் ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. சனம் நிற்கிற நிற்பில் கிழமைக்குக் கிழமை முக்கால் மணி நேரம் இருந்து கதைப்பதும் கஷ்டம்.

அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் பெயரை எடுத்ததும் பெரியக்கா குதித்தா. “உனக்கென்ன விசரே? சனம் என்ன நினைக்கும்?” ‘அங்கொடைக்கு அனுப்ப வேணும்’ என்று ஆளை ஆள் நக்கலடித்தே வளர்ந்த ஊர் இது, அக்காவை மட்டும் குறை சொல்லி என்ன! அங்கிருந்து நடத்தும் 1926 என்ற தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரே வேண்டாம் என்று தோன்றும் இரவில் சனல் பண்ணிக்கொண்டு காத்திருக்காமல் அதற்கு எடுங்கள். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோவிலும் மனம்விட்டுக் கதைக்கலாம். அங்கே காதுகொடுத்துக் கேட்பார்கள், சிகிச்சை செய்யமாட்டார்கள்.

அடுத்தது உளவியலாளர்களும் உளவளத்துணையாளர்களும். பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை பெயர்ப்பலகைகளுக்குக் குறைவில்லை. கவுன்சிலிங் என்று பலகை போட்ட எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஆறு மாத டிப்ளோமாவும் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த முதுநிலைப் பட்டமும் இருக்கிறது. அதனால் நான் தொலைபேசியிலேயே மூன்று கேள்வி கேட்டேன். நித்திரையின்மைக்கு என்ன முறை பாவிப்பீர்கள்? எத்தனை அமர்வு? நித்திரைக் குறிப்பு எழுதச் சொல்வீர்களா? ஒருவர் “முதலில் வாங்கோ, மனம்விட்டுக் கதைப்போம், குழந்தைப் பருவத்திலிருந்து பார்ப்போம்” என்றார். நல்ல மனுசர்தான், ஆனால் என் பிரச்சினை இரவு இரண்டு மணியில் இருந்தது. முறை தெரிந்த ஒருவர் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். அவரிடம் இரண்டு மாதத்துக்கு இடமில்லை, அமர்வுகளும் ஆங்கிலத்தில்தான்.

இரண்டு மாதம் காத்திருக்க முடியாமல் சென்னையிலிருக்கும் ஒருவரை ஒன்லைனில் பிடித்தேன். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம், அது பெரிய வசதி. இந்தியாவில் கிளினிக்கல் சைக்கொலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேட்கலாம், உண்மையானவர் கோபிக்கமாட்டார். குறையும் உண்டு. அவரால் இங்கே இரத்தம் சோதிக்கத் துண்டு எழுத முடியாது, ஏதும் அவசரமென்றால் வந்து நிற்கவும் முடியாது. கொழும்பில் முறை தெரிந்தவர் நேரில் கிடைத்தால் அவரைத்தான் பிடிப்பேன்.

முதல் நாளே மொழி இடித்தது. “தூக்கம் வந்தா மட்டும் பெட்டுக்குப் போங்க” என்றார். எங்கள் வீட்டில் இரவில் கொள்வது நித்திரை. தூங்குவது என்றால் பஸ்ஸில் இருந்தபடி தலை ஆடி விழுவது. பிறகு பார்த்தால் அவர் சொன்னதும் அதைத்தான். உடம்பு களைத்திருக்கிறது என்பதற்காகப் படுக்கக் கூடாது, தலை ஆடி விழும்போதுதான் படுக்க வேண்டும். நானோ களைப்பென்று ஒன்பதரைக்கே படுத்து, கட்டிலை முழித்துக் கிடக்கும் இடமாக்கி வைத்திருந்தேன்.

இரண்டு கிழமைக் குறிப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டார். கட்டிலில் கிடந்தது எட்டரை மணி நேரம், நித்திரை கொண்டது சராசரியாக 5. நூற்றுக்கு 59. ஆகவே இனிமேல் கட்டில் ஐந்தரை மணி நேரத்துக்குத்தான்: இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும்ப வேண்டும், சனி ஞாயிறும் அப்படியே. நூற்றுக்கு 85 வந்த பிறகு கிழமைக்கு 15 நிமிடம் கூட்டித் தருவாராம். இடையில் முழிப்பு வந்து கனநேரம் கிடக்க நேர்ந்தால் எழுந்து குசினிக்கோ விறாந்தைக்கோ போய்விட வேண்டும். முதல் இரண்டு கிழமை நரகம். விறாந்தைக் கதிரையில் பழைய பேப்பரோடு இருந்து ‘இதற்குக் காசு வேறு கொடுக்கிறேனே’ என்று பல்லைக் கடித்தேன். நான்காவது கிழமைதான் இரண்டு மணி முழிப்பு விட்டது. வலிப்பு உள்ளவர்களும் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும் இதைத் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்புகிறவர்கள் பெருநாள் கழித்துத் தொடங்கலாம்.

பொரளை ஆயுர்வேத வைத்தியசாலை, நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரை, அம்மாவின் சாதிக்காய்ப் பால் எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: சுகமாக இருக்கும், கட்டிலில் முழித்துக் கிடந்து பழகிய பழக்கத்தை மாற்றாது. ஆங்கிலம் ஓடுமென்றால் அமெரிக்கப் படைவீரர் நலத் துறையின் இன்சோம்னியா கோச் செயலி இலவசம், இதே முறைதான். கொடுக்கக் காசில்லாமல் சும்மா காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒழுங்கையில் முச்சக்கரவண்டி ஓடும் அண்ணன் ஒருவர் எனக்குச் சரியானதைக் கண்டு சென்னைக்காரரின் இலக்கம் கேட்டார். “அண்ணை, குறட்டை விடுவீங்களோ?” என்றேன். அவர் வாய் திறக்கமுதல் அவர் மனைவி, “குறட்டையோ! இடையில மூச்சே நிண்டு போகுது தம்பி, நான் தட்டி எழுப்பிறனான்” என்றா. அது உளவியலாளரின் வேலையே அல்ல. நித்திரையில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பார்க்கிற பரிசோதனை இருக்கிறது, அதற்கு நெஞ்சு நோய் வைத்தியரிடம் போகச் சொன்னேன். இப்போது திகதி கிடைத்திருக்கிறது.

யாரிடம் போவதென்றாலும் அதற்கு முந்திய இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: படுத்த நேரம், கண் அயர்ந்த நேரம், முழித்த தடவை, எழும்பிய நேரம், குடித்த தேத்தண்ணி. ஒவ்வொரு காலையும் எழுத வேண்டும். மூன்றாவது கிழமை நான் எழுத மறந்து, அமர்வுக்கு அரை மணி நேரம் முன்பு ஏழு நாளையும் நிரப்பி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். திரையில் சென்னைக்காரரின் முகம் வந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏழு நாளும் ஒரே பச்சைப் பேனாவா சார்?” என்றார்.