டேங்கர் வண்டிக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்: தருமபுரி, கிருஷ்ணகிரி சாலைகளில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

பெட்ரோல், டீசல், எல்பிஜி, அமோனியா, அமிலம் ஏற்றிய வண்டிகளுக்கு, யாரும் திருத்தக்கூடிய பொதுவரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை நம்பி ரூட் போட நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரூட் மென்பொருளில் ‘அபாயப் பொருள்’ (ஹேஸ்மேட்) என்ற தேர்வை இயக்கினாலும் சரி, அணைத்தாலும் சரி, இந்த இரண்டு மாவட்டங்களிலும் அநேகமாக ஒரே பாதைதான் வரும். மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. சாலைகளின் மேல் அந்தத் தகவலே ஏறவில்லை. தடை இல்லாத சாலையும், தடை இருந்தும் யாரும் பதிவு செய்யாத சாலையும் வரைபடத்தில் ஒன்றுபோலத்தான் கிடக்கும். ஆகவே இது வாங்கி வைத்ததும் ஓடும் கருவி அல்ல. தகவலை நாமே ஏற்றினால் அருமையாக வேலை செய்யும். ஏற்றாவிட்டால் சாதாரண லாரிக்கான பாதையைத்தான் காட்டும்.

தகவலை ஏற்றும் முறை எளிது. சாலைத் துண்டின் மேல் ‘ஹேஸ்மேட்’ என்ற குறிச்சொல்லைப் போட்டு, மதிப்பாக ‘நோ’ கொடுத்தால் அபாயப் பொருள் வண்டிக்கு அனுமதி இல்லை என்று பொருள். ‘டெஸ்டினேஷன்’ கொடுத்தால் அங்கேயே இறக்க வேண்டிய வண்டி மட்டும் போகலாம். ‘டெசிக்னேட்டட்’ என்றால் இவ்வகை வண்டிகளுக்கென்றே ஒதுக்கிய வழி. தண்ணீரை மாசுபடுத்தும் சரக்குக்கு ‘ஹேஸ்மேட்:வாட்டர்’ என்று தனியாக உண்டு. ஏ முதல் ஈ வரையிலான சுரங்கப்பாதை வகைகள், அபாயப் பொருள் சாலைப் போக்குவரத்துக்கான ஐரோப்பிய ஏடிஆர் உடன்படிக்கைக்கு உரியவை. இங்கே அவற்றைத் தொட வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறு, பலகையில் ‘கனரக வாகனங்கள் செல்லத் தடை’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ‘ஹேஸ்மேட்=நோ’ போடுவது. அது கனரக வண்டிக்கான ‘ஹெச்ஜிவி=நோ’ என்று பதிவாக வேண்டியது. இரண்டும் டேங்கரைத் தடுக்கத்தானே போகிறது என்று விட்டுவிட முடியாது. சிலிண்டர் ஏற்றிய சிறிய வண்டி கனரக வகையில் வராது. தவறான குறிச்சொல் அதற்கும் வழியை அடைத்துவிடும். அதே சமயம் கல் லாரிக்கும் சிமெண்ட் லாரிக்கும் வழியைத் திறந்து வைக்கும்.

‘நோ’வுக்கும் ‘டெஸ்டினேஷன்’னுக்கும் உள்ள வேறுபாட்டை ஊருக்குள் இருக்கும் பங்க்குகள்தான் காட்டிக் கொடுக்கும். பஜார் சாலை முழுக்க ‘நோ’ போட்டால் அந்தச் சாலையில் உள்ள பங்க்குக்கு லோடு இறக்கப் போகிற டேங்கருக்குப் பாதையே கிடைக்காது. இல்லையென்றால் தடை தொடங்கும் இடத்திலேயே பயணம் முடிந்ததாகக் காட்டும். பலகையில் ‘இறக்கும் வண்டி தவிர’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று நின்று படிக்க வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படத்தில் அந்தச் சின்ன எழுத்து பெரும்பாலும் விழாது.

இனி ரூட் போடும் மென்பொருள்கள். வால்ஹல்லாவில் ‘டிரக்’ முறையைத் தேர்ந்தெடுத்து ஹேஸ்மேட்டை ‘ட்ரூ’ என்று வைக்கலாம். கவனிக்க வேண்டியது அதன் இயல்பு அளவுகளை: உயரம் 4.11 மீட்டர், அகலம் 2.6 மீட்டர், நீளம் 21.64 மீட்டர், எடை 21.77 டன், அச்சு எடை 9.07 டன். இவை நம் ஊர் வண்டிகளுக்கான எண்கள் அல்ல. 2018 திருத்தத்துக்குப் பிறகு இங்கே இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 18.5 டன், மூன்று அச்சு லாரிக்கு 28.5 டன். இயல்பு அளவுகளை அப்படியே விட்டால் மூன்று அச்சு டேங்கர் 25 டன் வரம்புள்ள பாலத்தின் மேல் தாராளமாக ஏறிவிடும். சிறிய டேங்கரோ தான் போகக்கூடிய சாலையை விட்டுச் சுற்றிப் போகும். எடைக்கு லோடு ஏற்றிய நிலையில் உள்ள எண்ணைக் கொடுங்கள். உயரத்தைக் காலி வண்டியில் அளந்து கொடுங்கள். காலியாக இருக்கும்போது அழுத்தம் இல்லாமல் ஸ்பிரிங் பட்டை எழும்பி வண்டி உயர்ந்து நிற்கும். அளவு நாடா தொட்டியின் முதுகோடு நின்றுவிடக் கூடாது. மேலே உள்ள மூடியும் கைப்பிடிக் கம்பியும் அதில் சேர வேண்டும்.

கிராஃப்ஹாப்பர் வேறு மாதிரி. அதில் ஹேஸ்மேட் என்பது ஒரு தனி மதிப்பு. ரூட் விதிகளை நாமே எழுதும் கஸ்டம் மாடலில் ‘ஹேஸ்மேட் நோ என்றால் 0ஆல் பெருக்கு’ என்று நாமே ஒரு வரி எழுத வேண்டும். அது பார்ப்பது ‘நோ’வை மட்டும்தான். ‘டெஸ்டினேஷன்’ என்று எவ்வளவு பொறுப்பாகப் பதிவு செய்தாலும் அதன் கணக்கில் அது திறந்த சாலை. நேரத்தடையும் அப்படியே: ‘ஹேஸ்மேட்:கண்டிஷனல்’ என்ற குறிச்சொல்லில் ‘நோ @ (08:00-11:00)’ என்று எழுதினால் தரவில் அது சரியான பதிவு. ஆனால் ரூட் கணக்கில் இதனால் எந்த மாற்றமும் வராது. பதிவு செய்த பிறகு தடைக்கு இரு பக்கமும் புள்ளி வைத்து ஒருமுறை ரூட் போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்தது என்ற பொய்யான நிம்மதிதான் மிஞ்சும்.

இணையத்திலேயே ஓடும் ஓபன்ரூட்சர்வீஸின் லாரி முறையிலும் உயரம், நீளம், எடை, அச்சு எடை, ஹேஸ்மேட் எல்லாம் கொடுக்கலாம். நாலைந்து வண்டி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்டுக்கு, சொந்தமாகச் சர்வர் ஏற்றும் வேலை இல்லாமல் தொடங்க இது போதும். சொந்தமாக ஏற்றுபவர்கள் இந்தியா முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. வரைபடத் தரவைப் பகுதிவாரியாகத் தரும் ஜியோஃபாப்ரிக் தளத்தில் தென்மண்டலத்துக்குத் தனிக் கோப்பு இருக்கிறது, தினமும் புதுப்பிக்கிறார்கள். வரைபடத்தில் இன்று செய்த திருத்தம் நம் சர்வரில் தெரிய, புதிய கோப்பை இறக்கி மறுபடி கட்டியாக வேண்டும். இதை மறந்துவிட்டு ‘திருத்தியும் பழைய பாதையே வருகிறது’ என்று குழம்புபவர்கள் அதிகம்.

இந்தப் பகுதியில் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் பேச முடியும் என்றால், அது தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் போகும் என்.எச்.44இல் கட்டமேடு தொடங்கி இரட்டைப் பாலம் வரை நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கி டிரம் சூடேறுவதும்தான் அங்கே நடக்கும் விபத்துகளில் திரும்பத் திரும்பத் தெரியும் காரணங்கள். பாதி லோடு ஏற்றிய டேங்கர் இன்னும் மோசம். உள்ளே திரவம் அலைந்து, வளைவில் வண்டியை ஒரு பக்கம் தள்ளும். இதையெல்லாம் அறிந்தவர்களுக்கு அந்த இறக்கத்தில் ‘ஹேஸ்மேட்=நோ’ போட்டுவிடலாம் என்று தோன்றும். போடவே கூடாது. பலகையும் இல்லாமல் ஆணையும் இல்லாமல் அப்படிப் போட்டால், மென்பொருள் அத்தனை டேங்கரையும் அரூர், மஞ்சவாடி கணவாய் வழியாகவோ பெரும்பாலை, மேச்சேரி வழியாகவோ திருப்பிவிடும். மஞ்சவாடியும் மலைச்சாலைதான், அந்த வழிகளில் ஊர்களும் பள்ளிகளும் உண்டு. நல்லெண்ணத்தில் போட்ட ஒரு குறிச்சொல், அபாயத்தை நான்கு வழிச் சாலையிலிருந்து ஊர்ச்சாலைக்கு இடம் மாற்றிவிடும்.

தொப்பூரில் சரியாகச் செய்யக்கூடியது வேறு. அங்கே மேலேறும் பாதையும் கீழிறங்கும் பாதையும் வரைபடத்தில் தனித்தனிக் கோடுகள். இறங்கும் கோட்டில் மட்டும் சரிவைக் குறியுங்கள். கனரக வண்டிக்கான வேகப் பலகையில் என்ன எண் இருக்கிறதோ அதை ‘மேக்ஸ்ஸ்பீட்:ஹெச்ஜிவி’யில், பலகை நிற்கும் இடத்திலிருந்து கோட்டை வெட்டிப் பதியுங்கள். ஏறும் கோட்டிலும் சேர்த்துப் போட்டால் நேரக் கணக்கு கெட்டு, மேலே வரும் வண்டிகளுக்கும் சுற்றுப்பாதை காட்டும். பாலமும் சாலை அமைப்பும் மாறும்போது கோடுகள் இடம் மாறும். குறிச்சொற்கள் எந்தத் துண்டில் தங்கின என்று மறுபடி பார்க்க வேண்டும்.

கோட்டை வெட்டும் வேலைக்கு, கணினியில் வரைபடத்தைத் திருத்தும் ஜேஓஎஸ்எம் மென்பொருள்தான் வசதி. பலகை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதைத் தேர்ந்து, ‘பி’ விசையை அழுத்தினால் கோடு இரண்டாகும். தடை எங்கே முடிகிறது என்பதுதான் சிக்கல். ஒரு முனையில் பலகை இருக்கும். மறுமுனையில் விழுந்திருக்கும், அல்லது வைத்திருக்கவே மாட்டார்கள். தெரிந்தவரை அடுத்த சந்திப்போடு நிறுத்திவிட்டு, அங்கே ஒரு குறிப்பு விடுவது நேர்மையானது. பார்த்த தேதியை ‘செக்_டேட்:ஹேஸ்மேட்’டில் எழுதினால் பின்னால் வருபவருக்குப் பெரிய உதவி.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நெடுஞ்சாலையை ஒட்டியே சர்வீஸ் ரோடு ஓடுகிறது. கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டினாலே பலகை தவறான கோட்டின் மேல் உட்கார்ந்துவிடும். பலகை எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது, பின்னணியில் எந்தத் தடுப்புச் சுவர் தெரிகிறது என்று படத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வேறு வணிக வரைபடத்தில் பார்த்து எழுதுவது உரிமத்துக்கு விரோதம். அந்தப் பதிவை நீக்கிவிடுவார்கள்.

ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு பக்கம் ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதைகளில் உயரத் தகவல் பல இடங்களில் பதிவாகாமல் இருக்கும். அபாயப் பொருள் வண்டிக்கு இது ஹேஸ்மேட் குறிச்சொல்லைவிட அவசரமானது. மேல்மூடி இடித்து நசுங்கினால் கசிவுதான். உயர வரம்பைச் சொல்லும் ‘மேக்ஸ்ஹைட்’டைக் கீழே போகும் சாலைத் துண்டில் போட வேண்டும். மேலே போகும் ரயில் பாலத்தில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் திருத்துங்கள். அங்கே போட்ட எண்ணை எந்த ரூட் மென்பொருளும் படிக்காது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதைகளையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

‘குறைந்த தூரம்’ கேட்டால் இன்னொரு தொல்லை வரும். ஓசூரிலிருந்து பென்னாகரம் பக்கம் போக, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டுவழியாக இழுக்கப் பார்க்கும். டேங்கருக்கு எப்போதும் நேரத்தை வைத்தே ரூட் போடுங்கள். வழியில் காவேரிப்பட்டணம், தருமபுரி என்று இடைப்புள்ளி கொடுத்துக் கட்டுங்கள்.

கே.ஆர்.பி. அணை, பாரூர் ஏரிக்கரை, கெலவரப்பள்ளி அணைப் பக்கச் சாலைகளில் ‘ஹேஸ்மேட்:வாட்டர்=நோ’ போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமிலம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. ஆனாலும் பலகை இல்லாத இடத்தில் பொதுவரைபடத்தில் போடக் கூடாது. அந்தக் கவலைக்குச் சொந்த அடுக்கு இருக்கிறது. வால்ஹல்லாவில் ‘எக்ஸ்க்ளூட் பாலிகான்ஸ்’, ஓபன்ரூட்சர்வீஸில் ‘அவாய்ட் பாலிகான்ஸ்’, கிராஃப்ஹாப்பரில் ‘ஏரியாஸ்’. ஏரிக்கரையைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து கொடுத்தால் நம் வண்டிகள் மட்டும் அதைத் தவிர்க்கும்.

தற்காலிகத் தடைகளுக்கும் இதே வழிதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 115ஆம் பிரிவில், வண்டிகளுக்கான தடையை அரசிதழில் அறிவித்து, பலகையும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். திருவிழா, பால வேலை என்று வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அவற்றைப் பொதுவரைபடத்தில் ஏற்றினால், தடை நீங்கிய பிறகும் யாரும் எடுக்காமல் கிடக்கும். சொந்தக் கோப்பில் முடியும் தேதியோடு வைத்து, அந்தத் தேதியில் அழியும்படி செய்யுங்கள்.

ஓட்டுநர் கையில் ஓஸ்ம்அண்ட் என்ற கைப்பேசிச் செயலியின் லாரி முறை நன்றாகவே இருக்கிறது. அஞ்செட்டி பக்கம் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும். வண்டி மாறும்போது உயரமும் எடையும் மாற்ற வேண்டும் என்பதை ஓட்டுநர்கள் விட்டுவிடுகிறார்கள். வண்டி எண்ணின் பெயரிலேயே ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல் செய்து கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் வழியைத் தாளிலும் எழுதிக் கொடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி கேபினில் இருக்க வேண்டிய டிரெம் கார்டின் (விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் அட்டை) பின்னால் அதைச் செருகி வையுங்கள்: கடக்கும் ஊர்கள், எந்தச் சந்திப்பில் சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும், எந்தச் சுரங்கப்பாதைக்குள் நுழையக் கூடாது. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும், வண்டி பாதியில் கைமாறினாலும் அடுத்த ஓட்டுநருக்கு அந்தத் தாள் போதும்.