தீர்வுநோக்குக் குறுகியகாலக் கவுன்சலிங்: முதல் அமர்வில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலும் ஐந்தாறு அமர்வுக்குள் முடிந்துவிடும், பழைய கதையை ஆதியிலிருந்து ஒப்பிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே, பிரச்சினையைவிடத் தீர்வைப் பற்றியே அதிகம் பேசும் இந்தக் கவுன்சலிங்கைப் பலர் தேடுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவசரப்படும் கவுன்சலரிடம் போனால் கொடுத்த காசு வீண்.

ஸ்டீவ் டி ஷேசரும் கொரியாவில் பிறந்த இன்சூ கிம் பெர்க்கும் சகாக்களோடு 1978இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய மையத்தில் உருவான முறை இது. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, எந்தக் கேள்விக்கு வந்தவரின் பேச்சு மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள்.

"இங்கே வந்தது பயன்பட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" என்றுதான் பேச்சு தொடங்கும். "வீட்டில் சண்டை இருக்கக் கூடாது" என்ற பதிலோடு நகர்ந்துவிட்டால் அங்கேயே கோட்டை விட்டாயிற்று. "சண்டை இல்லாத நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?" என்று கேட்டு, "ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்பதுபோல் கண்ணுக்குத் தெரியும் செயலாக அது வரவேண்டும்.

அடுத்தது பெயர்பெற்ற அதிசயக் கேள்வி. "இன்று ராத்திரி வேலையெல்லாம் முடித்துத் தூங்குகிறீர்கள். அப்போது ஓர் அதிசயம் நடந்து, உங்களை இங்கே கொண்டுவந்த பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தூக்கத்தில் இருந்ததால் உங்களுக்குத் தெரியாது. காலையில் முதலில் எதைப் பார்த்துக் கண்டுகொள்வீர்கள்?" இதைக் கடகடவென்று ஒப்பித்தால் வேலை செய்யாது. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, "தெரியவில்லையே" என்றாலும் காத்திருக்க வேண்டும். பதில் வந்த பிறகு "வேறென்ன?", "உங்கள் மகள் எதைக் கண்டு வித்தியாசத்தை உணர்வாள்?" என்று தொடர வேண்டும். பயன் பெரும்பாலும் இந்தத் தொடர்ச்சியில்தான். அந்தக் காலையின் ஒரு துளியாவது சமீபத்தில் எப்போதாவது நடந்ததா என்று விசாரிப்பதும் இதன் பகுதியே. பிரச்சினை இல்லாத அந்த விதிவிலக்கான நேரத்தை அவர் எப்படிச் சாத்தியமாக்கினார் என்பதுதான் கையிலிருக்கும் மூலதனம்.

பிறகு அளவுகோல்: அதிசயக் காலை 10, மிக மோசமான நிலை 0. வந்தவர் 3 என்றால், "ஏன் 7 இல்லை?" என்பது தவறான கேள்வி, உடனே குறைகளின் பட்டியல் வரும். "2க்கு இறங்காமல் 3இல் நிற்பது எப்படி?", பிறகு "4 வந்தால் என்ன தெரியும்?" என்பதே சரி. 0 என்று சொல்பவரை உற்சாகப்படுத்தக் கிளம்பினால் அவர் வாயை மூடிக்கொள்வார். "இவ்வளவுக்கு நடுவிலும் இன்று எப்படி எழுந்து வந்தீர்கள்?" என்று கேட்கலாம்.

அமர்வின் முடிவில் சில நிமிட இடைவேளை. கவுன்சலர் திரும்பியதும், வந்தவர் சொன்னதிலிருந்தே எடுத்த பாராட்டும் ஒரு சிறு பணியும் தருவார். "அடுத்த முறை வரும்வரை, எது தொடர்ந்து நடக்க வேண்டுமென்று விரும்புகிறீர்களோ அதைக் கவனியுங்கள்" என்பது அடிக்கடி தரும் பணி. இரண்டாம் அமர்வை "முன்னைவிட எது நன்றாயிருக்கிறது?" என்று தொடங்குவார்கள்.

இழப்பைச் சொல்லி அழ வேண்டியவருக்கு இந்த வேகம் சில சமயம் காயப்படுத்தும். அவரை முதலில் பேசவிட வேண்டும். வீட்டில் அடிஉதை இருந்தால் பாதுகாப்பு ஏற்பாடுதான் முதல் வேலை. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றில் மனநல மருத்துவர் தரும் மருந்துக்கு இது மாற்றாகாது. மூன்று அமர்வாகியும் அளவுகோலில் எண் அசையவில்லையா? பலிக்காததை விட்டு வேறொன்றைச் செய் என்பது இந்த முறையின் சொந்த விதி. கவுன்சலரிடம் அதைத் தயங்காமல் கேளுங்கள்.