ஏட்டிகொப்பாக்கா குங்குமச் சிமிழ்: மூடியைச் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள்

ஆந்திரத்தின் அனகாபள்ளி மாவட்டத்தில், வராக நதிக்கரையில் இருக்கிறது ஏட்டிகொப்பாக்கா. ஊரில் கடைசல் வேலைதான் (மரத்தைச் சுழலவிட்டு உளியால் வடிவமைப்பது) பேர்போனது. இங்கே செய்யும் அரக்குப் பொம்மைகளுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொம்மைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதே பட்டறைகளில் கடையப்படும் சின்னக் குங்குமச் சிமிழைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை. உள்ளங்கையில் அடங்கும் அளவு, சுமார் 5 செ.மீ. விட்டம், தனி மூடி. சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மரம் நல்ல மரம், அரக்குப் பூச்சு அருமை, கொடுக்கும் காசுக்குத் தாராளமாகத் தகும். ஆனால் மூடி உட்காரும் விதம் சிமிழுக்குச் சிமிழ் மாறுகிறது. ஒரே தட்டில் இருக்கும் பத்தில் எது நல்லது என்று கையில் எடுத்துத் திறந்து மூடினால்தான் தெரியும். அதனால் இதை இணையத்தில் வாங்காமல் ஊரிலோ, ஆந்திர அரசின் லேபாக்ஷி கைவினைக் கடைகளிலோ நேரில் பார்த்து வாங்குவதே நல்லது.

மரத்திலிருந்து தொடங்குவோம். சிமிழைக் கடைவது தெலுங்கில் அங்குடு என்று சொல்லும் மரத்தில். அது நம் வெட்பாலை. தைலத்துக்கு இலை பறிப்போமே, அதே மரம். வெளிர் நிறம், நெருக்கமான இழை, எடை குறைவு, உளிக்கு இதமானது. இழை கண்ணை உறுத்தாததால் மேலே ஏறும் நிறம் சுத்தமாகத் தெரியும். ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலும் கிடைப்பது மெல்லிய கிளைகள். கிளையை முழு உருண்டையாகவே கடைந்தால் அதன் நடுப்புள்ளி சிமிழின் அடியில் வந்துவிடும். மரம் காயக் காய அந்தப் புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் வெடிப்பு கிளம்பும். சிமிழைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். வளையங்களின் மையம் அடியின் நடுவிலேயே இருந்து, அங்கிருந்து மயிரிழைக் கோடு ஒன்று ஓடினால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

செய்முறை தெரிந்தால் குறை எங்கே வரும் என்பதும் தெரியும். கட்டையை லேத்தில் மாட்டி உருளையாக்கி, மூடிக்கான துண்டை வெட்டிப் பிரிப்பார்கள். மூடியை முதலில் குடைவதுதான் முறை. அதன் உள்வாய்ச் சுவர் நேராக, மேலும் கீழும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு உடம்பில் அந்த வாய்க்குள் நுழையும் கழுத்தைக் கடைவார்கள். இங்கேதான் கைத்திறன் தெரியும். தலைமுடி கனம் கூடினால் மூடி ஏறாது, குறைந்தால் ஆடும். கொஞ்சம் சீவி, லேத்தை நிறுத்தி, மூடியை வைத்துப் பார்த்து, மறுபடி சீவி என்று நாலைந்து முறை செய்யும் பொறுமை வேண்டும். அவசரத்தில் கழுத்தை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் சரித்துவிட்டால் மூடி சுலபமாக ஏறும், கடைசி அரை மில்லிமீட்டரில் மட்டும் இறுகும். கடையில் திறந்து மூடும்போது நன்றாக இருப்பதுபோல் தோன்றும், ஒரே மாதத்தில் தளர்ந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: மூடியைப் பாதி வரை மட்டும் இறக்கி லேசாக ஆட்டுங்கள். பாதியில் ஆடி, முழுதாக இறக்கினால் மட்டும் பிடிக்கிறது என்றால் கழுத்து சரிவாக இருக்கிறது.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியம். மூடியை வைத்து, தூக்காமல் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுழற்றுங்கள். சுற்று முழுவதும் ஒரே இறுக்கம் இருந்தால் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு கடைந்தது. ஒரு இடத்தில் இறுகி, கால் சுற்றில் தளர்ந்து, அடுத்த கால் சுற்றில் மறுபடி இறுகினால் ஈரம் இருக்கும்போதே கடைந்துவிட்டார்கள் என்று பொருள். மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்த வாய் காய்ந்ததும் நீள்வட்டமாகிறது. மூடியும் கழுத்தும் தனித்தனியே நீள்வட்டமாகி, ஒன்றுக்கொன்று குறுக்கே வரும்போது மாட்டிக்கொள்கின்றன. கடலோரக் காற்றில் வாங்கி, ஏசி அறையிலோ கோவை, மதுரை வெயிலிலோ வைத்தால் இது இன்னும் கூடும்.

எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதில் பலரும் தவறான சிமிழைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திறக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால் உயர்ந்த வேலை என்று நினைப்பார்கள். நகைச் சிமிழுக்கு அது சரி. குங்குமச் சிமிழுக்குக் கூடாது. வெடுக்கென்று இழுத்துத் திறந்தால் குங்குமம் சேலையில்தான் விழும். தினமும் நெற்றிக்கு எடுக்கும் சிமிழுக்கு 3–4 மி.மீ. உயரக் கழுத்து போதும். ஒரு கையால் தூக்கினால் உடம்பு கூடவே எழும்பாமல் மூடி மட்டும் வர வேண்டும். பயணத்துக்கு என்றால் 6 மி.மீ. உயரத்துக்குக் குறையாத, இறுக்கமான கழுத்தாகப் பாருங்கள்.

அரக்குப் பூச்சுதான் இந்த ஊரின் பெருமை. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அது உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்துப் பரப்பினால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வரும். வேகம் போதாவிட்டால் அரக்கு திட்டுத் திட்டாக நிற்கும். அளவு மீறி அழுத்தினால் கருகிப் பழுப்புக் கோடு விழும். தாவரச் சாயங்களை இங்கே மறுபடி நிலைநிறுத்தியதில் இவ்வூர்க் கைவினைஞர் சி.வி. ராஜுவின் பங்கு பெரிது. அதற்காக 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். மஞ்சள், அவுரி, சாப்பிரா (அன்னாட்டோ) விதை நிறங்கள் இதமாக இருக்கும். ஆனால் மஞ்சளிலிருந்து எடுத்த நிறம் வெயிலில் வெளுக்கும், ஜன்னலோரம் வைக்காதீர்கள். சுழற்சியில் ஏறிய அரக்கில் பட்டைகள் எல்லாம் வட்டமாகத்தான் ஓடும். பூவும் கொடியும் இருந்தால் அது பிறகு தூரிகையால் வரைந்தது. பூச்சு மூடிக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இணைப்பின் மேல் பாலம்போல் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியை மாட்டியே அரக்கு ஏற்றுவதுண்டு. நல்ல கைக்காரர் இணைப்பில் உளி முனையால் ஒரு மெல்லிய பள்ளம் இழுத்துவிடுவார். அதை விட்டால் முதல் தடவை திறக்கும்போதே ஓரம் சில்லு சில்லாகப் பெயரும்.

உட்புறம்தான் இவற்றில் கவனம் குறைந்த இடம். பெரும்பாலானவற்றில் உள்ளே அரக்கு இல்லை, வெறும் மரம். குங்குமம் அதில் ஏறி நிரந்தரமாகச் சிவக்கும், அது குறையல்ல. ஆனால் விரலை உள்ளே விட்டு அடியைத் தடவுங்கள். மரத்தின் இழை உயரவாக்கில் ஓடுவதால் அடியில் வெட்டுமுனைகள் மேல்நோக்கி நிற்கும். உளி கூர்மையாக இருந்து, நடுவிலிருந்து சுவரை நோக்கி வெட்டினால் வழுவழுப்பாக வரும். மழுங்கிய உளியால் சுரண்டினால் இழை பிய்ந்து பஞ்சுபோல் நிற்கும். அதில் பொடி சிக்கிக்கொண்டு கட்டிதட்டும். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமா என்பதை விரலாலேயே அறியலாம். 4–5 மி.மீ. இருந்தால் நல்லது. கண்ணாடி மேசையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். ஆடினால் வெட்டிப் பிரித்தபோது அடியின் நடுவில் குமிழ் விட்டிருக்கிறார்கள்.

பராமரிப்பில் மூன்று எதிரிகள்: சூடு, ஸ்பிரிட், காரம் (சோடா, சுண்ணாம்பு போன்றவை). வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்தால் அரக்கு இளகிக் கைரேகை பதியும், மூடியும் ஒட்டிக்கொள்ளலாம். சானிடைசரும் சென்ட்டும் பட்டால் கரையும். சோடா உப்பும் சோப்புத் தண்ணீரும் பளபளப்பைத் தின்னும், உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பு, குழைத்த சந்தனம் இரண்டுக்கும் இந்தச் சிமிழ் ஆகாது. உலர்ந்த குங்குமம், விபூதி, மூக்குத்தி, தோடு எல்லாம் தாராளமாக வைக்கலாம்.

வாங்கி வந்த பின் மூடி இறுகினால் உடனே உப்புத்தாள் எடுக்க வேண்டாம். இரண்டு வாரம் மூடியைத் திறந்தே வீட்டுக் காற்றில் வையுங்கள். அதற்குப் பிறகும் இறுகினால், கழுத்தில் பளபளவென்று தேய்ந்து தெரியும் இடத்தை மட்டும் 320 எண் தாளால் இரண்டு இழுப்பு தேய்த்து, மூடிப் பார்த்து, தேவையானால் மறுபடி தேயுங்கள். தளர்ந்திருந்தால் கழுத்தைச் சுற்றித் தேன்மெழுகு தடவினால் சில மாதம் பிடிக்கும்.